சூளைக்கு ஆகாத பறவை

விருத்தாசலத்தில் ஒருவன் படம் போடுகிறவன் என்று தெரிந்தால் ஆட்கள் அவனிடம் முதலில் கேட்பது கழுதைப் படம். என்னைப் பார் யோகம் வரும் என்று கீழே எழுதி, கல்லாவுக்கு எதிரில் மாட்டுவதற்கு. அடுத்தது ஓடும் குதிரைகள். ஏழு இருக்க வேண்டும். விரலை வைத்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதற்கடுத்து நீர்வீழ்ச்சி. தண்ணீர் வீட்டுக்குள் விழுவதுபோல இருக்க வேண்டுமாம். வாசலைப் பார்த்து விழுகிறது, வந்த செல்வமெல்லாம் வெளியே போகிறது என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினால் போதும். நான் அதைச் சொல்லவில்லை. இன்னொரு படம் வரைந்து கொடுத்தேன். அதில் தண்ணீரைக் கொஞ்சம் சாக்கடை நிறத்தில் போட்டேன். அவர் கவனிக்கவில்லை. இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் அது விழுந்துகொண்டிருக்கிறது.

எனக்கு நேரில் பேச வராது. யாராவது குரலை உயர்த்தினால் என் கண் தரைக்குப் போய்விடும். அதனால் கோபமே இல்லாத ஆள் என்று ஊரில் பெயர். கோபம் நிறைய இருக்கிறது. அது வாய்க்கு வராமல் கைக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. அதன்பிறகு பீங்கான் கம்பெனிதான். எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்வார்கள், அடுத்ததில் ஜாடி, அதற்கடுத்ததில் பொம்மை. நான் பொம்மை செய்யும் இடத்தில் சேர்ந்தேன். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றினேன், அச்சு பிரிந்த இடத்தில் பிசிறு சீவினேன், வெயிலில் காயவைத்தேன், கடைசியில் பொம்மைக்குக் கண் வைக்கும் வேலைக்கு வந்தேன். கண்தான் கடைசியாக வைப்பது. முருகனுக்கு வைத்தேன், வள்ளிக்கு வைத்தேன், மயிலுக்கு வைக்கும்போது கை நின்றது. ஆற்றங்கரையில் மயிலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். மயிலின் கண் யாரையும் நம்பாத கண். கம்பெனி மயிலுக்கு வைப்பதோ கல்யாணப்பெண்ணின் கண். ஒரு மயிலுக்கு மட்டும் நான் பார்த்த கண்ணை வைத்தேன். சரக்கு எடுக்க வந்தவர் அதைக் கையில் எடுத்து, "என்னாய்யா இது, மயிலு மொறைக்குது" என்று சொல்லிக் கழிவில் போட்டார்.

அந்த மயிலை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்துதான் உயிருள்ளதைப் பார்த்து வரையும் பழக்கம் வந்தது. லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணிமுத்தாற்றுக் கரையோடு போவேன். சில நாள் கருவேப்பிலங்குறிச்சி தாண்டி வெள்ளாறு வரைக்கும். மணலில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கும்; அது என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றித் திட்டும். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும். அது கழுதை கேட்காது. கிழித்த காலண்டர் தாள்களின் முதுகில் பென்சிலால் வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்வேன். பெயர் தெரியாத பறவைகள்தான் அதிகம். பெயர் தெரியாததால் அவற்றை வரைவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் வந்ததில்லை.

கம்பெனி என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். அங்கே மண்ணும் நெருப்பும் அவர் பொறுப்பு, நிறம் என் பொறுப்பு. சூளையின் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து, உள்ளே சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு நான் மரியாதை கொடுப்பேன். மற்றபடி அவரை எனக்குப் பிடிக்காது. வெளியூர் ஆட்கள் வந்தால் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வார்:

"இவரு நம்ம மாப்ள. குருவி வரைவாரு. மத்தபடி நல்லவரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வேன். "எங்க அண்ணன் என்னா சொல்லிச்சி?" என்று என் மனைவி கேட்பாள். கேட்கும்போதே அண்ணன் பக்கம்தான் நிற்பாள்.

வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒருவர் பெரிதாக ஓட்டல் கட்டினார். சென்னைக்கும் திருச்சிக்கும் ஓடுகிற பஸ்ஸுகள் நிறுத்தும் ஓட்டல். கை கழுவும் இடத்தில், குழாய்களுக்கு மேலே சுவர் நீளத்துக்கும் ஓர் இயற்கைக் காட்சி வேண்டும், பெயிண்டில் போட்டால் தண்ணீர் பட்டு உரியும், அதனால் பீங்கான் ஓட்டில் வரைந்து சூளையில் வைத்துத் தர வேண்டும் என்று மச்சானிடம் வந்தார். வெள்ளை ஓடுகளை வரிசையாக அடுக்கி, ஒரே படமாக வரைந்து, பிரித்துச் சுட்டு, சுவரில் மறுபடி சேர்ப்பது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய படம் போட்டதில்லை. அன்று இரவே காலண்டர் தாள்களை ஒட்டி ஒரு படம் வரைந்தேன். வேப்பூர்ப் பக்கத்து மானாவாரி நிலம், மக்காச்சோளக் கொல்லை, பனைமரங்கள், வேலிகாத்தான் புதர், மேலே வட்டமிடும் பருந்து, மழைக்கு முன்னால் கறுக்கும் வானம்.

ஓட்டல்காரர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு நேராக்கிப் பார்த்தார்.

"யோவ் பெயிண்டரு, பஸ்ஸுல வர்றவன் ஜன்னல் வழியா இதத்தானய்யா பாத்துக்கிட்டே வர்றான். எறங்கி மூத்திரம் பேஞ்சிட்டு கையக் கழுவும்போதும் இதையேவா காட்டுவ?"

மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "நா அப்பவே சொன்னங்க. இவருக்கு வறண்ட காடு மேல ஒரு இது."

"ஊட்டி மாதிரி போடு. பெரிய அருவி. ரெண்டு மானு தண்ணி குடிக்குது. அன்னம் நாலு வுடு. சூரியன் ஒதிக்கணும்."

"அன்னம் இங்க கெடையாதுங்க" என்றேன். அது என் வாயிலிருந்து வந்ததே எனக்கு ஆச்சரியம்.

"ஊட்டியும்தான் இங்க கெடையாது. அதனாலதான போடச் சொல்றன்."

அருவி போட்டேன். மான் போட்டேன். அன்னமும் போட்டேன். நீல மலை, சிவப்புச் சூரியன், தாமரை என்று அவர் கேட்டதெல்லாம் வந்தது. ஒவ்வொன்றாகப் போடப்போட, அந்தச் சுவரில் நான் கண்ணால் பார்த்தது என்று எதுவுமே இல்லாமல் போயிற்று. வலது ஓரத்தில் ஒரு மொட்டைப் பனையை மட்டும் விட்டு வைத்தேன். அதன் நடுவில் ஒரு பொந்து. பொந்தில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த ஆந்தை உண்மையிலேயே இருக்கிறது. ஆற்றங்கரையில், தலை முறிந்த ஒரு பனையில் ஒரு ஜோடி குடியிருக்கிறது. ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மேலே வெள்ளைப் புருவம், மஞ்சள் கண். பகலிலேயே வெளியே வந்து உட்காரும். நான் சைக்கிளை நிறுத்தினால் தலையை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, என்னை அளவெடுக்கும். அது அளவெடுத்து முடிக்கிற வரையில் நான் அசைய மாட்டேன். என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்த உயிர் வேறு எதுவும் இல்லை. ஊட்டி ஓட்டல்காரருடையதாக இருக்கட்டும், அருவி அவருடையதாக இருக்கட்டும், இந்த ஒரு பறவை என்னுடையதாக அந்தச் சுவரில் இருந்தாக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆந்தையின் மஞ்சள் சூட்டில் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மஞ்சள் ஏமாற்றும் நிறம். சூடு கொஞ்சம் கூடினால் ஓடிவிடும். அதனால் ஒரு தனி ஓட்டில் ஆந்தையை மட்டும் வரைந்து, சூளை ஏற்றுகிற அன்று மேல் தட்டில், சூடு குறைவான மூலையில் வைத்தேன். கீழ்த் தட்டுகள் முழுக்கக் கொலுவுக்குப் போக வேண்டிய, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள். அந்த வாரம் விடாமல் தூறல். பொம்மைகள் தொட்டால் குளிர்ந்தன. குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மச்சானுக்கும் அது தெரியும். சரக்கு கேட்டு போன்மேல் போன் வந்ததால் அவசரப்பட்டு ஏற்றினார்.

சூளை ஆறியதும் கதவைத் திறந்தார்கள். ஒரு பொம்மைகூட முழுசாக இல்லை. பிள்ளையார் தும்பிக்கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். தட்டெல்லாம் ஓட்டாஞ்சில். அவ்வளவு நாசத்துக்கும் மேலே, உச்சித் தட்டில், கீறல் இல்லாமல், மஞ்சள் பளபளக்க, அந்த ஆந்தை உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

பிசிறு சீவும் அக்கா ஒருவர் இருந்தார். கம்பெனியில் மச்சானுக்கு அடுத்தபடி அவர் சொல்தான். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"இத யாரு உள்ள வச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அலறுனா சாவுன்னு கல்லெடுத்து அடிக்கிற பறவ. அதக் கொண்டாந்து சூளைக்குள்ள குடி வச்சிருக்கீங்களேப்பா. பொம்ம எப்படி நிக்கும்?"

மச்சான் தட்டிலிருந்து ஓட்டை எடுத்தார். ஈரம்தான் காரணம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் ஈரம் என்று சொன்னால் அது அவர் தப்பாகிவிடும். ஆந்தை என்றால் என் தப்பு. அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"சூளைங்கிறது புள்ளத்தாச்சி மாதிரி மாப்ள. தீட்டுக்காரன உள்ள வுடறமா? செருப்போட வர்றமா? சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி ஏத்துற எடத்துல நீ என்னாத்த வச்சிருக்க பாரு."

"பொம்மைல ஈரம் இருந்திச்சிங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னா?"

"ஒன்னும் இல்லைங்க."

ஓட்டைக் கழிவு மேட்டில் எறிந்தார். "ஓட்டல் படத்துல இது இருந்துச்சின்னா, அந்த ஓடு சூளையில ஏறாது. குருவி வேணும்னா ஆயிரம் குருவி இருக்குது. கிளி போடு. கிளிய யாரு வேணாங்கிறா?"

வீட்டிலும் அதே கதை. என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒரு குருவிய மாத்தி வரஞ்சா என்னாங்க? கைய வெட்டிக்கவா சொல்லிச்சி?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேட்ட குரல்தான் அண்ணனுடையது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

பக்கத்துக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறவரிடம் போய், ஒரே ஓர் ஓட்டை மட்டும் உங்கள் சூளையில் வைத்துத் தருகிறீர்களா என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கு அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி, மறுநாளும் போய்த் திரும்பி, அதற்கடுத்த நாள்தான் வாய் திறந்தேன்.

"என்னா படம் அதுல?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆந்தையா? ஒங்க மச்சான் சூளைய காலி பண்ணுச்சே, அதுவா? ஐயா சாமி, நா புள்ளகுட்டிக்காரன். வேற எடம் பாருங்க."

வேறு இடத்துக்கும் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. டீக்கடையில் ஒருவர் நான் போகும்போது வாயைக் குவித்து ஆந்தைபோலக் கத்தினார். கத்தத் தெரியவில்லை. கோழி மாதிரி இருந்தது. திருத்தலாம் என்று பார்த்தேன், டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஓட்டல் திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஓடுகளை முடித்தாக வேண்டும். எல்லா ஓடுகளையும் வரைந்தேன். வலது ஓரத்து ஓட்டில், மொட்டைப் பனையின் பொந்தில், ஆந்தையை வரைந்தேன். ஆற்றங்கரை ஆந்தையை எப்படிப் பார்த்தேனோ அப்படி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அளவெடுக்கிற பார்வையோடு. எண்ணெயில் குழைத்த பீங்கான் நிறத்தில் வரைந்து நன்றாகக் காயவிட்டேன். மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார். அந்த நேரத்தில் மளிகைக் கடையில் வாங்கிய மைதாவைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சி, அதில் இனிப்புக்குப் போடும் பச்சைக் கலர்ப்பொடியைக் கலந்து, ஆந்தையின் மேல் ஒரு கிளி வரைந்தேன். மூக்குக்குக் கேசரிப் பவுடர்.

நெருப்பில் நிற்பது கல்லிலிருந்தும் உலோகத்திலிருந்தும் வந்த நிறம் மட்டும்தான். சோற்றுப் பொருள் எதுவும் நிற்காது. மைதாவும் கலர்ப்பொடியும் சாம்பலாகிவிடும். அடியில் இருப்பது ஓட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும். எனக்கிருந்த பயம் ஒன்றுதான். மைதா காயும்போது சுருங்கும். சுருங்குகிற தோல் அடியிலிருக்கும் ஆந்தையையும் சேர்த்து உரித்துவிட்டால் பொந்து காலியாகிவிடும்.

மச்சான் தூங்கி எழுந்து வந்து ஓடுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தார். அருவியைப் பார்த்துத் தலையாட்டினார். மானைப் பார்த்தார். கிளியிடம் வந்து நின்றார்.

"என்னா மாப்ள, கிளி இம்மாம் பெருசா தின்னு கொழுத்துருக்குது? கழுத்தையே காணோம்."

"பொந்துல கெடக்குற கிளி. அப்டிதான் இருக்கும்" என்றார் பிசிறு சீவும் அக்கா. எனக்காகப் பேசிய ஒரே வாக்கியம். அதுவும் கிளிக்காகப் பேசியது.

"போவுது வுடு. கிளி கிளிதான்."

இந்த முறை பொம்மைகளைச் சுக்காகக் காயவிட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றினார். ஓடுகளை அவரே மேல் தட்டில் அடுக்கினார். கதவை மூடி, சூடம் ஏற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் பொம்மைகளுக்காகக் கும்பிட்டார். நான் மைதா உரிக்காமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். சூளை எரிந்து ஆறுகிற வரைக்கும் கம்பெனியை விட்டு நான் நகரவில்லை. அக்கறை என்று நினைத்துக்கொண்டு மச்சான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

திறந்தபோது பொம்மைகள் எல்லாம் முழுசாக இருந்தன. மச்சானின் முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பு. வெளியே ஓட்டல்காரரின் டெம்போ வந்து நின்றிருந்தது. மேல் தட்டிலிருந்து ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்காவிடம் கொடுத்தார். கடைசி ஓட்டை எடுத்தார். அதன்மேல் சாம்பல் ஒரு மெல்லிய தோலாக நின்றது. தூசி என்று நினைத்து வாயால் ஊதினார்.

மஞ்சள் கண்கள் திறந்தன.

அக்கா கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மச்சான் அசையாமல் நின்றார். கிளி நெருப்பில் ஆந்தையாகிவிட்டது என்று ஒரு கணம் அவர் நம்பினார். அந்த ஒரு கணத்தை நான் நன்றாக அனுபவித்தேன். பிறகு கட்டைவிரலால் சாம்பலைத் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"மைதாவா?"

"ஆமாங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஓட்டைப் போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"என்னைய ஏமாத்துனா பரவால்ல மாப்ள. நா சூடம் காட்டி ஏத்துனேன். கிளின்னு நெனச்சிக் கும்புட்டேன். நெருப்புக்கிட்டப் போயி பொய் சொல்லிருக்க."

"பொம்மைங்க ஒடையலைங்களே" என்றேன். வாழ்க்கையில் அவர் காதில் விழும்படி நான் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

"ஒடஞ்சிருந்தா ஒன்ன வுட்டுருப்பேன். ஒடையல. அதான் எனக்கு ஆறல."

அது என்ன கணக்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. உடைந்திருந்தால் ஆந்தைதான் காரணம் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். உடையாததால், முதல் சூளையில் உடைந்தது எதனால் என்று கேள்வி வந்துவிட்டது. அந்தக் கேள்வியோடு அவரைத் தனியாக விட்டது நான்.

டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த ஓட்டை எடுத்துவிட்டால் படத்தில் ஓட்டை விழும். புதிதாக வரைந்து சுட்டு ஆற வைக்க நேரமில்லை. மச்சான் வைக்கோல் எடுத்து ஓடுகளைக் கட்டினார். ஆந்தையைத் தானே கட்டினார், முகம் கீழே பார்க்கும்படி. டெம்போ போனதும் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தங்கச்சிக்காவ வூட்டுப் பக்கம் வரலாம். கம்பெனிப் பக்கம் வராத."

சரி என்று தலையாட்டிவிட்டு என் தூரிகைகளை எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது மச்சான் ஓடு துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று தெரியாது. அவர் பொருளில் என் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து என் மனைவிக்கு இரண்டு வேலை. அண்ணன் சொல்வதை என்னிடமும், நான் சொல்லாததை அண்ணனிடமும் கொண்டுபோவது. நான் வீட்டிலேயே துணியிலும் பலகையிலும் வரைகிறேன். கழுதை வரைகிறேன், குதிரை வரைகிறேன். அதற்கு யார் சூளையும் வேண்டியதில்லை.

ஓட்டல் திறப்புவிழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. விழா முடிந்து, கூட்டம் ஓய்ந்தபிறகு, ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். ஆந்தை சுவரில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். கை கழுவும் இடத்துக்குப் போனேன். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. அன்னங்களுக்குக் கீழே ஒருவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். படம் நன்றாகத்தான் இருந்தது. யாரோ வரைந்த படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். வலது ஓரத்துக்குப் போனேன். மொட்டைப் பனை இருந்தது. பொந்து இருந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். கை கழுவியபின் குழாயை மூடவும் என்று அதில் எழுதியிருந்தது.

ஸ்டிக்கரின் ஓரத்தில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் எனாமல் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். பீங்கானில் எனாமல் நிற்காது. ஈரம் பட்டுத் தோல் தோலாக உரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கர்.

குழாயைத் திறந்து கையை நனைத்து, ஸ்டிக்கரின் மேல் தண்ணீரைத் தேய்த்து ஊறவிட்டு, நகத்தால் மூலையைத் தூக்கினேன். நிதானமாக வந்தது. முதலில் பொந்தின் கறுப்பு, அப்புறம் புருவம். கண்கள் வந்ததும் நிறுத்திப் பார்த்தேன். என்னை அளவெடுத்தது. மீதியையும் உரித்தேன்.

"யோவ் பெயிண்டரு."

ஓட்டல்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். என் கண் தரைக்குப் போனது.

"அத ஏன்யா உரிக்குற?"

"உள்ள ஒரு பறவ இருக்குதுங்க."

"தெரியும்யா. அதுக்குத்தான ஒட்டுனது. மொத நாளே ஒரு அம்மா கையக் கழுவ வந்து அதப் பாத்துட்டு, சாப்புடாம பஸ்ஸுல போய் ஒக்காந்துக்கிச்சி. கிளின்னு சொன்னாரு ஒங்க மச்சான். கேட்டா என் மாப்ளயக் கேளுன்றாரு."

"ஒடம்ப மறச்சிக்கங்க. கண்ணு தெரிஞ்சா போதும்."

"கண்ணுதான்யா பிரச்சினையே."

உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். சர்வர் ஒருவர் கல்லாவிலிருந்து ஸ்டிக்கர் கட்டைக் கொண்டுவந்தார். கட்டாகவே அடித்து வைத்திருக்கிறார். எல்லாக் குழாய்க்கும் ஒட்ட அடித்ததாம். வேறு எந்தக் குழாய்க்கு மேலும் அது இல்லை. ஓட்டல்காரர் ஓட்டைத் தன் வேட்டி முனையால் துடைத்தார். ஒன்றை உரித்து, ஆந்தையின் முகத்துக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்தித் தேய்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே தேய்த்தார்.

"இனிமே இதுல கைய வச்ச, போலீஸக் கூப்புடுவேன். டீ குடிச்சா குடி. இல்லன்னா கெளம்பு."

சரிங்க என்றேன். டீ குடிக்கவில்லை. விருத்தாசலம் பஸ் வர நேரமிருந்தது. அங்கேயே, குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். ஓடு சரியாகக் காய்வதற்குள் ஒட்டியிருந்தார். இடது கீழ் மூலையில், பனையின் பட்டைமேல், கொஞ்சம் காற்று நின்றிருந்தது. அந்த மூலை சீக்கிரம் தூக்கிக்கொள்ளும். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.